விசைப்பலகை: ஒவ்வொரு விசையின் வேலையும் அதைக் கைவசப்படுத்தும் முறையும்

கணினியில் பல ஆண்டுகள் வேலை செய்தும் விசைப்பலகையில் பாதியைத் தொட்டே பார்க்காதவர்கள் உண்டு. எழுத்து விசைகள், எண்டர், பேக்ஸ்பேஸ், எப்போதாவது கண்ட்ரோல் + சி. அதோடு சரி. மற்ற எல்லாவற்றுக்கும் கை மவுஸைத் தேடிப் போய்விடுகிறது. இதற்கு அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நூறு குறுக்குவிசைகளைப் பட்டியலிட்டு, மனப்பாடம் செய்யுங்கள் என்று கையில் கொடுத்தால், அடுத்த வாரம் ஐந்துகூட நினைவில் நிற்காது.

விசைப்பலகையை அப்படிக் கற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது. சில விசைகள் வேர்ச்சொற்கள். சில விசைகள் அவற்றோடு சேரும் உருபுகள். உருபு என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டால், இதுவரை பார்த்திராத சேர்க்கையைக்கூட நீங்களே ஊகித்துவிடலாம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் செல்கிறது. நாலைந்து பத்திகள் உள்ள ஏதேனும் ஓர் உரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் அதில் செய்து பார்த்தபடியே படியுங்கள். விண்டோஸ் கணினியை வைத்தே சொல்கிறேன். மேக் கணினியில் எவை மாறும் என்பது பின்னால் வருகிறது.

முதல் படி: அழுத்தும்போது என்ன நடக்கிறது

விசையின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தை விசைப்பலகை கணினிக்கு அனுப்புவதில்லை. எந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டிருக்கிறது, எது விடப்பட்டது என்பதைக் குறியீட்டு எண்களாக மட்டுமே சொல்கிறது. விசைகளுக்கு அடியில் மின்பாதைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. உள்ளே இருக்கும் சிறிய சில்லு அவற்றை ஓயாமல் சோதித்து, எந்தச் சந்திப்பில் மின்சாரம் பாய்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அந்த எண்ணை எந்த எழுத்தாகத் திரையில் காட்டுவது என்பதை முடிவு செய்வது இயங்குதளம்தான்.

பல குழப்பங்கள் தீர்வது இந்த ஒன்றைப் புரிந்துகொள்வதில்தான். ஆங்கிலத்தில் எச் தரும் அதே விசை, தமிழ் 99 என்ற தமிழ் விசை அமைப்பைத் தேர்ந்தெடுத்ததும் 'க' தருகிறது. விசைப்பலகை மாறவில்லை, எண்ணுக்கு உரிய எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. அதேபோல, அழுத்தியதும் விட்டதும் தனித்தனியே தெரிவதால்தான் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்ட முடிகிறது. மலிவான பலகைகளில் சில மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்று பதிவாகாமல் போவதற்கும் அந்தக் குறுக்கு நெடுக்குப் பாதைகளே காரணம். மூன்று சந்திப்புகள் ஒரே சதுரத்தின் மூலைகளாக அமைந்தால், நான்காவது மூலை உண்மையில் அழுத்தப்பட்டதா என்று சில்லால் பிரித்தறிய முடியாது.

இரண்டாம் படி: விரல்களை அவற்றின் இடத்தில் வையுங்கள்

எஃப், ஜே ஆகிய இரண்டு விசைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். சிறிய மேடு தட்டுப்படும். இடது ஆள்காட்டி விரல் எஃப் மீதும், வலது ஆள்காட்டி விரல் ஜே மீதும் இருக்க வேண்டும். மற்ற விரல்கள் அதே வரிசையில் பக்கத்து விசைகளில் அமரும். இரண்டு கட்டை விரல்களும் ஸ்பேஸ் பாருக்கு மேலே இருக்கும். ஒவ்வொரு விரலும் தனக்கு மேலும் கீழும் உள்ள விசைகளைப் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நடு வரிசைக்கே திரும்ப வேண்டும்.

இந்த எழுத்து வரிசை அமெரிக்கரான கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. ரெமிங்டன் நிறுவனம் 1874இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் டுவோராக் 1936இல் காப்புரிமை பெற்ற மாற்று வரிசை உட்படப் பல போட்டியாளர்கள் வந்தும் பழைய வரிசையே நிலைத்துவிட்டது. வரிசை எதுவானாலும், பலகையைப் பார்க்காமல் தட்டுவதே முதல் இலக்கு. வேகம் அதன் பின்னால் தானாக வரும். கண் திரையிலேயே இருக்கும்போதுதான் பிழை நேர்ந்த கணத்திலேயே தெரியும்.

மூன்றாம் படி: உருபு விசைகள்

ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் ஆகிய நான்கும் மாற்றி விசைகள். ஷிஃப்டும் கண்ட்ரோலும் தனியாக அழுத்தினால் பொதுவாக எதுவும் செய்யாது. ஆல்ட் மெனுவுக்குச் செல்லும், விண்டோஸ் விசை தொடக்கப் பட்டியலைத் திறக்கும். நான்கும் பொருள் பெறுவது இன்னொரு விசையோடு சேரும்போதுதான். முதலில் மாற்றி விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகு மற்றதைத் தட்டுங்கள், கடைசியாக இரண்டையும் விடுங்கள். இரண்டையும் ஒரே நொடியில் அடிக்க முயல்வதுதான் புதியவர்களுக்குச் சேர்க்கைகள் தவறிப்போவதற்கான முதல் காரணம்.

ஷிஃப்ட் எழுத்தைப் பெரிதாக்கும், எண் விசைகளின் மேற்பாதியில் உள்ள குறிகளைத் தரும். அதற்கு இன்னும் இரண்டு முக்கியக் குணங்கள் உண்டு: ஒரு செயலைத் திருப்பி நடத்தும், ஒரு தேர்வை நீட்டிக்கும். டேப் அடுத்த பெட்டிக்குப் போகும் என்றால், ஷிஃப்ட் + டேப் முந்தைய பெட்டிக்குத் திரும்பும். உலாவியில் ஸ்பேஸ் பார் ஒரு திரை கீழே இறக்கும். ஷிஃப்ட் + ஸ்பேஸ் மேலே ஏற்றும்.

கண்ட்ரோல் இரண்டு வேலை செய்கிறது. எழுத்து விசையோடு சேர்ந்தால் அது கட்டளை. அம்பு விசைகளோடு சேர்ந்தால் பெரிய அடி. ஆல்ட் மெனுக்களுக்கும் சாளரங்களுக்கும் உரியது. விண்டோஸ் விசை இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசுகிறது. எந்த மென்பொருள் திறந்திருந்தாலும் அதன் வேலை மாறாது.

நான்காம் படி: நகர்தல், தேர்ந்தெடுத்தல், அழித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பழகப் போகிறீர்கள் என்றால் இதையே பழகுங்கள். எழுதுவது, திருத்துவது, படிவம் நிரப்புவது, நிரல் எழுதுவது என எந்த வேலையிலும் நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான்.

முதலில் வேர்கள். இடது, வலது அம்புகள் ஓர் எழுத்து நகர்த்தும். மேல், கீழ் அம்புகள் ஒரு வரி நகர்த்தும். ஹோம் வரியின் தொடக்கத்துக்கும், எண்ட் வரியின் முடிவுக்கும் கொண்டுபோகும். பேஜ் அப், பேஜ் டவுன் இரண்டும் ஒரு திரை அளவு தாவும்.

இப்போது கண்ட்ரோலைச் சேருங்கள். கண்ட்ரோல் + வலது அம்பு ஒரு சொல் தாண்டும். கண்ட்ரோல் + கீழ் அம்பு வேர்டு போன்ற எழுத்து மென்பொருள்களில் ஒரு பத்தி தாண்டும். கண்ட்ரோல் + ஹோம் கோப்பின் முதல் எழுத்துக்கும், கண்ட்ரோல் + எண்ட் கடைசி எழுத்துக்கும் செல்லும். எக்செலில் கண்ட்ரோல் + கீழ் அம்பு, விவரம் நிறைந்திருக்கும் பகுதியின் கடைசி வரிசைக்கே கொண்டுபோய்விடும். பல ஆயிரம் வரிசைகள் உள்ள அட்டவணையில் மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்த ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள், போதும்.

அடுத்து ஷிஃப்டைச் சேருங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு நகர்வும் இப்போது தேர்வாக மாறிவிடும். ஷிஃப்ட் + எண்ட், கர்சர் இருக்கும் இடத்திலிருந்து வரியின் முடிவு வரை தேர்ந்தெடுக்கும். ஷிஃப்ட் + கண்ட்ரோல் + வலது அம்பு சொல் சொல்லாகத் தேர்வை வளர்க்கும். ஒரு சொல் அதிகமாகிவிட்டால் ஷிஃப்டை விடாமல் எதிர் அம்பைத் தட்டுங்கள், தேர்வு சுருங்கும். ஷிஃப்ட் + கண்ட்ரோல் + எண்ட், கோப்பின் முடிவு வரை அள்ளிக்கொள்ளும். நீளமான பகுதிக்கு மவுஸையும் துணைக்குச் சேர்க்கலாம்: தொடக்கத்தில் ஒரு முறை சொடுக்கி, பகுதியின் முடிவுக்கு உருட்டிச் சென்று, ஷிஃப்டைப் பிடித்தபடி மீண்டும் சொடுக்கினால் நடுவில் உள்ளது முழுவதும் தேர்வாகும். கோப்புகளின் பட்டியலிலும் இதே விதி. அங்கே தொடர்ச்சியாக எடுக்க ஷிஃப்ட். விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கக் கண்ட்ரோல்.

தேர்வு நிற்கும்போது ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டினால் தேர்ந்தெடுத்தது முழுவதும் போய், அந்த ஓர் எழுத்து மட்டும் மிஞ்சும். அப்படி நேர்ந்தால் பதறாமல் கண்ட்ரோல் + இசட் தட்டுங்கள், திரும்பி வந்துவிடும்.

கடைசியாக அழித்தல். பேக்ஸ்பேஸ் கர்சருக்கு இடப்பக்க எழுத்தையும், டெலிட் வலப்பக்க எழுத்தையும் நீக்கும். கண்ட்ரோல் சேர்ந்தால் என்னவாகும் என்று இந்நேரம் நீங்களே சொல்லிவிடுவீர்கள்: கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் முந்தைய சொல்லையும், கண்ட்ரோல் + டெலிட் அடுத்த சொல்லையும் ஒரே தட்டில் எடுத்துவிடும். கோப்புகளைப் பொறுத்தவரை மட்டும் ஒரு கவனம் தேவை. ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலிட் தட்டினால் பொதுவாக அது மறுசுழற்சித் தொட்டிக்குச் செல்லும். ஷிஃப்ட் + டெலிட் தட்டினால் தொட்டிக்கும் போகாமல் அழிந்துவிடும்.

பயிற்சி எளிது. திறந்து வைத்த உரையில் மூன்றாம் பத்தியை எடுத்து முதலாம் பத்திக்கு முன்னால் வையுங்கள். இரண்டாம் பத்தியின் கடைசி ஐந்து சொற்களை நீக்குங்கள். மவுஸைத் தொடக் கூடாது. தயங்காமல் செய்ய வரும் வரை இதையே செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கண்ட்ரோல் கட்டளைகள்

இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கும் கீழ்வரிசையின் இடக்கோடியில் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கின்றன: செய்ததைத் திரும்பப் பெறுதல், வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல். வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் லாரி டெஸ்லர். திரும்பப் பெற்றதை மறுபடி செய்யக் கண்ட்ரோல் + ஒய்.

ஒட்டுதலில் இரண்டு நுணுக்கங்கள் தெரிந்திருக்க வேண்டும். இணையத்திலிருந்து எடுத்த உரையைப் பழைய நிறமும் எழுத்துருவும் இல்லாமல் வெறும் உரையாக ஒட்ட, உலாவிகளிலும் வேறு பல மென்பொருள்களிலும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி உதவும். விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் + வி தட்டினால், கடைசியாக எடுத்த பல நகல்களின் பட்டியல் திறக்கும். முதல் முறை மட்டும் அதை இயக்க அனுமதி கேட்கும். நான்கு இடங்களிலிருந்து தகவல் திரட்டும் வேலையில் இதற்கு ஈடாக வேறொன்றில்லை.

மற்றவற்றில் அன்றாடம் தேவைப்படுபவை: ஏ அனைத்தையும் தேர்ந்தெடுக்கும், எஸ் சேமிக்கும், எஃப் தேடும், என் புதிய சாளரமோ கோப்போ திறக்கும். ஓவுக்கு வலப்பக்கம் உள்ள பி அச்சிடும். வியின் வலப்பக்கம் உள்ள பி எழுத்தைத் தடிக்கச் செய்யும். உலாவியில் ஆருக்கும் ஒய்க்கும் நடுவில் உள்ள டி புதிய தாவலைத் திறக்கும், டபிள்யூ திறந்திருப்பதை மூடும், எல் முகவரிப் பட்டைக்குக் கொண்டுபோகும். தவறுதலாக மூடிய தாவலை மீட்க, அதே டியோடு ஷிஃப்டையும் கண்ட்ரோலையும் சேருங்கள். திருப்பி நடத்துவது ஷிஃப்டின் குணம் என்று சொன்னது இங்கேயும் பொருந்துகிறது, பாருங்கள்.

ஆறாம் படி: டேப், எண்டர், எஸ்கேப்

படிவம் நிரப்பும்போது ஒவ்வொரு பெட்டிக்கும் மவுஸைக் கொண்டுபோக வேண்டியதில்லை. டேப் அடுத்த பெட்டிக்கு நகர்த்தும். தேர்வுக்கட்டத்தில் குறியிட ஸ்பேஸ், பல தெரிவுகளில் ஒன்றை எடுக்க அம்பு விசைகள், கீழிறங்கும் பட்டியலைத் திறக்க ஆல்ட் + கீழ் அம்பு. முடிந்ததும் எண்டர். வேண்டாமென்றால் எஸ்கேப். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானின் துணையோடு கணினியை முழுமையாக இயக்குவது இந்த விசைகளை நம்பித்தான். டேப் தட்டிச் சென்றடைய முடியாத பொத்தானை ஒரு தளத்தில் வைப்பது அவர்களை வாசலிலேயே நிறுத்துவதாகும். தளம் உருவாக்குபவர்கள் இதை மறக்கவே கூடாது.

எண்டருக்கும் உருபுகள் சேரும். வேர்டில் எண்டர் புதிய பத்தி, ஷிஃப்ட் + எண்டர் அதே பத்திக்குள் புதிய வரி, கண்ட்ரோல் + எண்டர் புதிய பக்கம். அரட்டைச் செயலிகள் பலவற்றில் எண்டர் செய்தியை அனுப்பிவிடும். அனுப்பாமல் அடுத்த வரிக்குச் செல்ல ஷிஃப்ட் + எண்டர். எக்செலில் ஒரே கட்டத்துக்குள் வரி உடைக்க ஆல்ட் + எண்டர். எஸ்கேப் விசை 1960இல் பாப் பெமர் என்ற கணினி அறிஞரின் யோசனையால் வந்தது. திறந்த மெனுவை மூடவும், நடந்துகொண்டிருக்கும் செயலைக் கைவிடவும், முழுத்திரையிலிருந்து வெளியேறவும் முதலில் இதைத் தட்டிப் பாருங்கள்.

ஏழாம் படி: சாளரங்களை ஆளுதல்

ஆல்ட் + டேப் திறந்திருக்கும் சாளரங்களுக்கு இடையே தாவும். ஆல்ட்டை விடாமல் டேப்பை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினால் வேண்டிய சாளரத்தில் நிறுத்தலாம். விண்டோஸ் + இடது அல்லது வலது அம்பு, சாளரத்தைத் திரையின் பாதியில் ஒட்ட வைக்கும். விண்டோஸ் + இ கோப்புறைகளைத் திறக்கும். எஸ்ஸுக்கு அடுத்த டியைச் சேர்த்தால் எல்லாம் ஒதுங்கி முகப்புத் திரை தெரியும். இருக்கையை விட்டு எழும்போதெல்லாம் விண்டோஸ் + எல் தட்டிக் கணினியைப் பூட்டுங்கள். பொது இடத்தில் வேலை செய்பவர்கள் விரலுக்குப் பழக்கவேண்டிய முதல் சேர்க்கை இது.

ஒரு மென்பொருள் உறைந்து நின்றுவிட்டால் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் பணி மேலாளரைத் திறக்கும். அங்கே அதைத் தேர்ந்தெடுத்து முடித்துவைக்கலாம். அதுவும் வராவிட்டால் கண்ட்ரோல் + ஆல்ட் + டெலிட். இந்த மூன்றின் கூட்டணி, 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினிக்காக டேவிட் பிராட்லி என்ற பொறியாளர் அமைத்தது. அன்று அது கணினியை மறுதொடக்கம் செய்தது. கவனக்குறைவாக யாரும் தட்டிவிடக் கூடாது என்பதற்காகவே தொலைவில் உள்ள விசைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

எட்டாம் படி: மேல்வரிசையும் ஓரங்களும்

எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ளவற்றின் வேலை மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எல்லாவற்றையும் கற்க வேண்டாம். எஃப்2 தேர்ந்தெடுத்த கோப்பின் பெயரை மாற்றும், எக்செலில் கட்டத்தைத் திருத்தத் திறக்கும். எஃப்5 பக்கத்தைப் புதுப்பிக்கும், பவர்பாயிண்டில் காட்சியைத் தொடங்கும். ஒரு தளம் பழைய தோற்றத்திலேயே நின்றால் கண்ட்ரோல் + எஃப்5, சேமித்து வைத்த நகலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக இறக்கும். எஃப்11 முழுத்திரை. ஆல்ட் + எஃப்4 சாளரத்தை மூடும். எக்செலில் வாய்பாடு எழுதும்போது எஃப்4, கட்டத்தின் முகவரியை நிலையாகப் பூட்டும்.

திரையைப் படமெடுக்க பிரிண்ட் ஸ்கிரீன். ஆல்ட் சேர்த்தால் முன்னால் உள்ள சாளரம் மட்டும் படமாகும். விண்டோஸ் விசையைச் சேர்த்தால் முழுத்திரையும் படமாகிப் படங்கள் கோப்புறையில் கோப்பாகவே சேமிக்கப்படும். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்க விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ். ஸ்க்ரோல் லாக், பாஸ் இரண்டும் பழைய காலத்தின் மிச்சங்கள். அவற்றை மறந்துவிட்டாலும் நட்டமில்லை.

வலக்கோடியில் உள்ள எண் திட்டு, நிறைய எண்கள் பதிவு செய்பவர்களுக்குப் பெருந்துணை. அங்கே ஐந்தின் மீதும் ஒரு மேடு இருக்கும். நடுவிரலை அதில் வைத்துப் பார்க்காமல் தட்டலாம்.

மடிக்கணினியும் மேக்கும்

மடிக்கணினிகளில் இடம் குறைவு என்பதால் எஃப்என் விசை ஒன்று கூடுதலாக இருக்கும். மேல்வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும். எஃப்5 வேண்டுமென்றால் எஃப்என்னோடு சேர்த்துத் தட்ட வேண்டும். பல மாதிரிகளில் எஃப்என் + எஸ்கேப் இந்த முறையைத் தலைகீழாக மாற்றிப் பூட்டிவிடும். தனி ஹோம், எண்ட் இல்லாத பல மாதிரிகளில் எஃப்என் + இடது, வலது அம்புகள் அந்த வேலையைச் செய்யும்.

மேக்கில் கட்டளைகளுக்குக் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. சொல் சொல்லாக நகர ஆப்ஷன் + அம்பு. வரியின் கோடிக்குச் செல்ல கமாண்ட் + அம்பு. ஷிஃப்ட் சேர்த்தால் தேர்வு என்ற விதி அங்கேயும் அப்படியே நிற்கிறது. மேக்கின் டெலிட் விசை பேக்ஸ்பேஸ் வேலையைச் செய்யும். வலப்பக்க எழுத்தை நீக்க எஃப்என் + டெலிட்.

விசைப்பலகை சொன்னபடி கேட்காவிட்டால்

பழுது என்று நினைத்துப் புதிய பலகை வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு விசை தெரியாமல் தட்டப்பட்டிருக்கும்.

கடவுச்சொல் ஏற்கப்படவில்லையா? கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் மொழியைப் பாருங்கள். விண்டோஸ் + ஸ்பேஸ் மொழி அமைப்பை மாற்றும். புள்ளிகளாக மட்டும் தெரியும் பெட்டியில் வேறு மொழி எழுத்துகள் விழுவதை உங்களால் காண முடியாது.

புதிதாகத் தட்டும் எழுத்து அடுத்துள்ள எழுத்தை விழுங்குகிறதா? இன்செர்ட் விசை தட்டுப்பட்டிருக்கும். மீண்டும் ஒரு முறை தட்டுங்கள். எண் திட்டில் எண் வராமல் கர்சர் ஓடுகிறதா? 'நம் லாக்' (Num Lock) விசை அணைந்திருக்கிறது. எக்செலில் அம்பு விசை கட்டம் மாறாமல் தாளையே நகர்த்துகிறதா? நட்டமில்லை என்று நான் ஒதுக்கிய ஸ்க்ரோல் லாக் தேவைப்படும் ஒரே சந்தர்ப்பம் இதுதான், அதை அணையுங்கள். உங்கள் பலகையில் அந்த விசையே இல்லாவிட்டால், விண்டோஸ் + கண்ட்ரோல் + ஓ தட்டித் திரை விசைப்பலகையை வரவழைத்து அதில் அணைக்கலாம்.

ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஒட்டு விசைகள் வசதியை இயக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். வலது ஷிஃப்டை 8 நொடி பிடித்திருந்தால் வடிகட்டி விசைகள். முதலாவது, ஒரு கையால் தட்டுபவர்கள் மாற்றி விசையைப் பிடித்திருக்கத் தேவையின்றி ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட உதவுகிறது. இரண்டாவது, கை நடுக்கம் உள்ளவர்களுக்காகக் கணநேரத் தட்டல்களைப் புறக்கணிக்கிறது. இரண்டும் அருமையான வசதிகள். ஆனால் தெரியாமல் இயங்கிவிட்டால் பலகை கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். அமைப்புகளில் அணுகல் வசதிப் பகுதிக்குச் சென்று அணைத்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால், திரை விசைப்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த விசையைத் தட்டுங்கள். திரையில் அது மினுங்கினால் கோளாறு மென்பொருளில். மினுங்காவிட்டால் தூசியோ உடைந்த தொடர்போ இருக்கலாம்: கணினியை அணைத்து, பலகையைச் சாய்த்துப் பிடித்து, இடுக்குகளில் அழுத்தக் காற்றைச் செலுத்திவிட்டு மறுபடி சோதியுங்கள். திரவம் சிந்தியிருந்தால் முதல் வேலை மின்னிணைப்பைத் துண்டிப்பது. தனிப் பலகை என்றால் கவிழ்த்து வைத்து முழுவதும் உலர்ந்த பிறகே இணைக்க வேண்டும். மடிக்கணினி என்றால் உடனே அணைத்துவிட்டு, மீண்டும் இயக்கிப் பார்க்காமல் பழுது நீக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.